அப்பாவுக்குக் காகித ட்யூப் (லண்டன் சுரங்க ரயில்) மேப்பா, போன் ஆப்பா? டிக்கெட் கவுண்டரும் இல்லாத ஸ்டேஷனில் எது உதவும்?

ரேனர்ஸ்லேன்வாசி

அடுத்த மாதம் அப்பாவும் அம்மாவும் லண்டன் வருகிறார்கள், சில மாதங்கள் எங்களோடு இருப்பார்கள். அம்மாவைப் பற்றிக் கவலை இல்லை, எங்கே போனாலும் எங்களோடுதான் வருவார். அப்பாதான் ஓர் இடத்தில் உட்கார மாட்டார். எழுபதைத் தாண்டிவிட்டார், ஆனாலும் நாங்கள் வேலைக்குக் கிளம்பிய பிறகு தனியாகப் புறப்பட்டு மியூசியம், கோயில், பார்க் என்று சுற்ற வேண்டும் என்று இப்போதே பட்டியல் போட்டு வைத்திருக்கிறார். அதைத் தடுக்க எனக்கு மனமில்லை.

கையில் ஸ்மார்ட்போன் இருக்கிறது, வாட்ஸாப்பில் பேசுவார், அதோடு சரி. எழுத்தைப் பெரிதாக்கி வைத்தால் ஆப்பில் பாதி விஷயம் திரைக்கு வெளியே போய்விடுகிறது. திடீரென்று ஏதாவது ஒரு அறிவிப்பு மேலே வந்து நின்றால் அதை எப்படி மூடுவது என்று தெரியாமல் போனையே அணைத்துவிடுவார்.

வழிகாட்டும் ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்து, கொஞ்ச நாள் கூடவே போய்ப் பழக்கிவிட்டால் போதும், இந்தக் காலத்தில் யார் காகித மேப்பைப் பிரித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்கிறார் என் கணவர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அப்பா ரயில்வே டைம்டேபிளைக் கதைப்புத்தகம் மாதிரி படித்தவர், வரைபடம் என்றால் உட்கார்ந்து விரலால் கோடு போட்டுப் பார்ப்பார். ஆனால் வழி தவறினால் யாரிடம் கேட்பார் என்பதுதான் என் பயம். ஊரிலென்றால் கவுண்டரில் தலையை நீட்டிக் கேட்பார். எங்கள் ஸ்டேஷனில் கவுண்டரே இல்லை, டிக்கெட் மெஷினும் நுழைவு கேட்டும்தான்.

காகித ட்யூப் மேப் இன்னும் கிடைக்கிறதா? அதை நம்பி ஒரு வயதானவரை அனுப்பலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

தண்டவாளம்

உங்கள் கணவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது அக்கா. காகிதத்துக்கு இன்றைக்கு என்ன நடக்கிறது என்று தெரியாது. லண்டனில் சனி, ஞாயிறு வந்தாலே எங்காவது ஒரு லைனில் தண்டவாள வேலை என்று பாதியை மூடிவிடுவார்கள், மேப்பில் அந்தக் கோடு பளிச்சென்று அப்படியே இருக்கும், ஸ்டேஷனுக்குப் போனால் மாற்று பஸ்ஸுக்கு வரிசை நிற்கும். லிஃப்ட் வேலை செய்கிறதா என்பதும் அதில் தெரியாது. லண்டன் போக்குவரத்தை நடத்தும் டிஎஃப்எல்லின் சொந்த ஆப்பான ‘டிஎஃப்எல் கோ’ (TfL Go) ஆப்பில் அதெல்லாம் உடனுக்குடன் வருகிறது, படிக்கட்டு இல்லாத வழியை மட்டும் காட்டு என்றும் சொல்லலாம். முட்டிவலிக்காரர்களுக்கு அது பெரிய உபகாரம்.

இன்னொன்று, மேப் சீக்கிரம் பழசாகிவிடுகிறது. பாட்டர்ஸீ பவர் ஸ்டேஷன் வரைக்கும் நார்தர்ன் லைன் 2021இல் நீண்டது, எலிசபெத் லைன் 2022 மே மாதம் திறந்தது, 2024 கடைசியில் ஓவர்கிரவுண்ட் என்ற தரைமேல் ரயில் சேவையை ஆறாகப் பிரித்து லயனஸ், மில்ட்மே, விண்ட்ரஷ், வீவர், சஃப்ரஜெட், லிபர்ட்டி என்று ஆளுக்கொரு பெயரும் நிறமும் கொடுத்துவிட்டார்கள். யாராவது சொந்தக்காரர் வீட்டு டிராயரில் கிடந்த பழைய மேப்பை எடுத்துக் கொடுத்தால் அதில் இது மொத்தமும் ஆரஞ்சு நிறமாக இருக்கும், ஸ்டேஷனிலோ பச்சை, மஞ்சள், சிவப்பு என்று போர்டு தொங்கும். என்ன கொடுத்தாலும் புது அச்சாகக் கொடுங்கள்.

நான் போனை மட்டும் வைத்துக்கொண்டுதான் வருடக்கணக்காகப் போய்வருகிறேன், எனக்கு ஒரு குறையும் இல்லை.

---

இரவுப்பணி

நான் ட்யூப் ஸ்டேஷன் ஒன்றில் வேலை செய்கிறேன், அதனால் இந்தப் பக்கம் இருந்து பார்த்ததை எழுதுகிறேன்.

முதலில் தங்கச்சி, பயப்பட வேண்டாம். கவுண்டரை மூடினார்களே தவிர ஸ்டேஷனில் ஆள் இருக்கிறோம். 2013 நவம்பரில் அறிவித்து 2015 முடிவதற்குள் ட்யூப்பில் சுமார் 260 கவுண்டர்களை மூடினார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர்களை டிக்கெட் ஹாலுக்குக் கொண்டுவந்து மெஷின் பக்கத்திலும் கேட் பக்கத்திலும் நிற்க வைப்பது என்பதுதான் ஏற்பாடு. முதல் ரயிலில் இருந்து கடைசி ரயில் வரைக்கும் ஒவ்வொரு ட்யூப் ஸ்டேஷனிலும் ஆள் இருக்க வேண்டும் என்பது டிஎஃப்எல் கொடுத்த வாக்கு.

ஆனால் கவுண்டர் என்பது ஒரே இடத்தில் இருந்தது. கேள்வி இருந்தால் அங்கே போய் நிற்கலாம் என்று எல்லோருக்கும் தெரியும். இப்போது நாங்கள் பிளாட்ஃபாரத்தில் நிற்கலாம், கேட்டில் நிற்கலாம், கீழே யாருக்காவது சக்கர நாற்காலிக்கு ராம்ப் போடப் போயிருக்கலாம். வயதானவர்கள் உள்ளே வந்து நாலு பக்கமும் பார்த்துவிட்டு, யாரும் இல்லை என்று நினைத்துத் திரும்புவதை நான் கண்டிருக்கிறேன். எனக்கு அது மிகவும் மனவருத்தமான விஷயம். அதனால் அப்பாவுக்கு இரண்டு விஷயம் காட்டிக் கொடுங்கள். எங்கள் உடுப்பு எப்படி இருக்கும் என்பது ஒன்று. சுவரிலும் பிளாட்ஃபாரத்திலும் இருக்கிற ஹெல்ப் பாயிண்ட் மற்றது. அதில் தகவல் கேட்க ஒரு பட்டன், அவசரத்துக்கு ஒரு பட்டன், அமத்தினால் ஆள் கதைக்கும்.

இனி மேப். போனைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வழி கேட்பவர்கள்தான் கூட. ஆப் சொன்னது அவர்களுக்கு விளங்கும், தாங்கள் எங்கே நிற்கிறோம் என்பதுதான் விளங்காது. ஆப்பைத் திறந்து காட்டுங்கள் என்று கேட்டால் அதற்குள் திரை அணைந்துவிடும், லாக் எடுக்க வேண்டும், பிறகு தேடியதையே காணோம். பின்னால் நாலு பேர் நிற்பார்கள். மேப்போடு வருகிறவரிடம் அந்தப் பாடு இல்லை. மெஷினுக்கு மேலே வைத்து விரிப்பேன், பேனாவை எடுத்து இப்போது நிற்கிற ஸ்டேஷனுக்கு ஒரு வட்டம், மாற வேண்டிய இடத்துக்கு ஒரு வட்டம், இறங்குகிற இடத்துக்கு ஒரு வட்டம், ஓரத்தில் எந்தப் பக்கத்து பிளாட்ஃபாரம் என்று எழுதிவிடுவேன். எனக்கும் அவருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லாவிட்டாலும் இது வேலை செய்யும். அடுத்த ஸ்டேஷனில் தடுமாறினால் அங்கே நிற்கிற ஆளிடம் அதையே நீட்டலாம், அவர் என் எழுத்தைப் பார்த்தவுடன் மிச்சத்தைச் சொல்லிவிடுவார்.

அதனால் கவுண்டர் இல்லாத ஸ்டேஷனுக்குக் காகித மேப் முன்னைவிட இப்போதுதான் கூடத் தேவை என்பது என் எண்ணம். கிடைக்கிறது, காசு இல்லை. ரேக்கில் தீர்ந்துபோயிருந்தால் எங்களிடம் கேளுங்கள். பெரிய எழுத்து மேப் ஒன்று டிஎஃப்எல் தளத்தில் இருக்கிறது, அதை ஏ3 தாளில் அச்செடுத்தால் உங்கள் அப்பாவின் கண்ணுக்கு வடிவாகத் தெரியும்.

---

கோடும்வண்ணமும்

காகித மேப் பக்கம்தான் நானும், ஆனால் அதை எப்படிப் படிக்கக் கூடாது என்பதையும் அப்பாவுக்குச் சொல்லிவிடுங்கள். அது நிலத்தின் படம் கிடையாது. ஹாரி பெக் என்ற வரைவாளர், அண்டர்கிரவுண்டிலேயே வேலை பார்த்தவர், 1931இல் வரைந்த யோசனை அது. பூமிக்கு அடியில் போகிறவருக்கு மேலே தெரு எப்படி வளைகிறது என்பது தேவையில்லை, எந்தக் கோடு, எங்கே மாறுவது, அடுத்து என்ன என்பதுதான் தேவை என்று, குறுக்கு, நெடுக்கு, 45 டிகிரி சாய்வு மட்டும் வைத்து எல்லாவற்றையும் நேராக்கிவிட்டார். நிர்வாகம் முதலில் வேண்டாம் என்றது. 1933 ஜனவரியில் மடிப்பு மேப்பாக வெளியிட்டதும் ஜனங்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். இன்றைக்கு உலகத்தில் பல நகரங்களின் மெட்ரோ வரைபடங்கள் அந்த வழியில்தான் போகின்றன.

நேராக்கியதற்கு விலை உண்டு, தூரம் பொய்யாகிவிடும். லெஸ்டர் ஸ்குவேருக்கும் கவென்ட் கார்டனுக்கும் நடுவே சுமார் 260 மீட்டர்தான், மேப்பைப் பார்ப்பவர் ரயிலுக்காக லிஃப்ட் ஏறி இறங்கி அதைவிட அதிக நேரம் செலவழிப்பார். பேஸ்வாட்டரும் குயின்ஸ்வேயும் வேறு வேறு லைனில் தள்ளித் தள்ளி இருக்கிற மாதிரி தோன்றும், நிஜத்தில் ஒரே தெருவில் சில நிமிட நடை. இதற்காகவே பக்கத்துப் பக்கத்து ஸ்டேஷன்களுக்கு நடக்க எத்தனை நிமிடம் என்று குறித்த மேப் ஒன்றை டிஎஃப்எல் 2015இல் வெளியிட்டது, அதையும் அச்செடுத்து வையுங்கள். நடக்கப் பிடித்த மனிதருக்கு அது நல்ல துணை. தெருவில் இறங்கிய பிறகு போன் மேப்தான் சரி, அதில் வாதமே இல்லை.

ஆனால் ஒன்றைப் போன் காட்டவே காட்டாது. எட்ஜ்வேர் என்று தேடிப் பாருங்கள். எட்ஜ்வேர் ஒன்று, எட்ஜ்வேர் ரோடு இரண்டு வரும். வடக்குக் கோடியில் நார்தர்ன் லைன் முடியும் இடம் எட்ஜ்வேர். எட்ஜ்வேர் ரோடு நகரத்துக்குள் இருக்கிறது, அதுவும் பேக்கர்லூ லைனுக்குத் தனி ஸ்டேஷன், சர்க்கிள், டிஸ்ட்ரிக்ட் லைன்களுக்குத் தனி ஸ்டேஷன், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தெருவில் இறங்கித்தான் போக வேண்டும். சின்னத் திரையில் பட்டியலாக வரும்போது அவசரத்தில் எதையாவது தட்டிவிட்டால் ஆப் அங்கே போகத்தான் வழி சொல்லும், அதன்மேல் குற்றமில்லை. மேப்பில் ஒன்று உச்சியில், மற்றவை நடுவில், கண் பார்த்த உடனே நாம் போக வேண்டியது இதில்லையே என்று நின்றுவிடுவோம்.

உங்கள் வீட்டு லைனையே எடுத்துக்கொள்ளுங்கள். ரேனர்ஸ் லேனிலிருந்து மியூசியம் பார்க்க சவுத் கென்சிங்டன் போக வேண்டும் என்று ஆப்பில் கேட்டால் அது வேகமான வழியைத் தேடும், மெட்ரோபாலிடன் லைனில் ஏறி நடுவில் மாறு என்று சொல்லவும் கூடும். மேப்பை விரித்தால் அந்தக் கருநீல பிக்காடில்லி கோடு உங்கள் ஸ்டேஷனிலிருந்து சவுத் கென்சிங்டனுக்கு எங்கும் மாறாமல் நேராகப் போவது தெரியும். அதே கோட்டில் ஆல்பர்ட்டன், அங்கே இறங்கினால் ஈலிங் ரோடு, கோயிலும் அந்த ரோட்டிலேயே. ஹைட் பார்க் கார்னர், கிரீன் பார்க் எல்லாம் அதே கோட்டில். கொஞ்சம் அதிக நேரம் ஆகலாம், உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்க வேண்டாம். அப்பாவின் பட்டியலில் பாதி ஒரே கோட்டில் முடிந்துவிடும் என்பதை எந்த ஆப்பும் தானாக எடுத்துச் சொல்லாது, ஏனென்றால் நாம் கேட்ட ஒரு பயணத்துக்கு மட்டுமே அது பதில் சொல்கிறது.

---

மூன்றாம்நடைமேடை

எல்லோரும் ட்யூப்பைப் பற்றியே பேசுகிறீர்கள், சாதாரண ரயில் ஸ்டேஷன்களின் கதை வேறு. அங்கே பல இடங்களில் கவுண்டர் இன்னும் இருக்கிறது, ஆனால் காலையில் சில மணி நேரம் திறந்துவிட்டு ஷட்டரை இறக்கிவிடுகிறார்கள், அப்புறம் ஸ்டேஷனில் ஆளே இல்லாத இடங்களும் உண்டு.

2023 ஜூலையில் இங்கிலாந்து முழுக்கக் கிட்டத்தட்ட ஆயிரம் கவுண்டர்களை மூட ரயில் நிறுவனங்கள் திட்டம் போட்டது நினைவிருக்கும். டிக்கெட்டில் 12 சதவீதம்தான் கவுண்டரில் விற்கிறது, மற்றதெல்லாம் போனிலும் மெஷினிலும் விற்றுவிடுகிறது என்பதுதான் அவர்கள் காரணம். கருத்துச் சொல்ல முதலில் 21 நாள்தான் கொடுத்தார்கள், எதிர்ப்பு வந்ததும் செப்டம்பர் 1 வரை நீட்டினார்கள். சுமார் ஏழரை லட்சம் பேர் எழுதிப் போட்டார்கள். பயணிகள் சார்பில் பரிசீலித்த டிரான்ஸ்போர்ட் ஃபோகஸ், லண்டன் டிராவல்வாட்ச் இரண்டும் அத்தனை மூடல்களையும் எதிர்த்தன. அக்டோபர் 31ஆம் தேதி அப்போதைய போக்குவரத்து அமைச்சர் மார்க் ஹார்ப்பர் திட்டத்தை வாபஸ் வாங்கச் சொன்னார். ஜனங்கள் எழுதினால் நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. நானும் எழுதினேன்.

அந்த 12 சதவீதத்தில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். என் மாமியாருக்குக் கண்பார்வை மிகக் குறைவு. பார்வை இல்லாதவர்களுக்கும் சக்கர நாற்காலியிலேயே பயணிப்பவர்களுக்கும் ரெயில்கார்டு என்ற சலுகை அட்டை இல்லாமலே ஒரு கட்டணச் சலுகை இருக்கிறது, அதை ஆப்பில் வாங்க முடியாது, மெஷினிலும் முடியாது, ஆளிடம்தான் வாங்க வேண்டும். எங்கள் ஸ்டேஷனில் ஷட்டர் இறங்கியிருந்த ஒரு மத்தியானம், ரயிலில் வாங்கிக்கொள்ளலாம் என்று ஏறி, உள்ளே வந்த டிக்கெட் பரிசோதகரிடம் இதை விளக்குவதற்குள் மாமியாரின் கண் கலங்கிவிட்டது. அபராதம் போடவில்லை, ஆனால் பெட்டியில் அத்தனை பேர் முன்னால் எதற்காக அவர் தன் கண்ணைப் பற்றி விளக்கம் சொல்ல வேண்டும்? அன்றைக்குப் பிறகு அவர் தனியாக ரயில் ஏறுவதில்லை. இப்படி நின்றுபோன பயணங்கள் எந்தச் சதவீதக் கணக்கிலும் வராது.

தண்டவாளம், நீங்கள் போன் மட்டும் போதும் என்றது உங்களுக்குச் சரி. 26–30 ரெயில்கார்டு போனில் மட்டும்தான் வருகிறது, அந்த வயதில் யாருக்கும் அது சிரமமில்லை. எல்லாச் சேவையையும் அந்த வயதுக்காரர்களை மனத்தில் வைத்து அமைத்தால் மற்றவர்கள் வீட்டோடு இருக்க வேண்டியதுதான் என்றாகிவிடுகிறது. காகித மேப், காகித டிக்கெட், கேட்டால் பதில் சொல்ல ஓர் ஆள், இந்த மூன்றையும் ஒன்றாகத்தான் கேட்க வேண்டும், ஒன்றை எடுத்தால் மற்றவற்றின் சுமை கூடுகிறது.

---

தண்டவாளம்

உங்கள் மாமியாரின் விஷயம் படித்து வருத்தமாக இருக்கிறது. ரயில் கவுண்டரை மூட வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை, அதில் உங்களோடுதான் இருக்கிறேன். லைன் மூடல், லிஃப்ட் பழுது இரண்டையும் போனில் பார்க்காமல் வயதானவரை அனுப்பக் கூடாது என்பதில் மட்டும் மாற மாட்டேன். அதை அவர் பார்க்க வேண்டும் என்பதில்லை, காலையில் மகள் பார்த்துச் சொன்னால் போதும்.

---

ரேனர்ஸ்லேன்வாசி

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பிக்காடில்லி ஒரே கோட்டில் பாதிப் பட்டியல் முடியும் என்பதை இவ்வளவு நாள் இங்கே இருந்தும் நான் யோசித்ததில்லை, மேப்பை எடுத்து வைத்துப் பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது. பெரிய எழுத்து மேப்பை அச்செடுக்கிறேன். காலையில் லைன் நிலவரம் பார்த்துச் சொல்வது என் வேலை, சாயங்காலம் வரை போன் பையில் இருக்கட்டும், அழைத்தால் எடுத்தால் போதும்.

கடைசியாக ஒன்று. கட்டணத்துக்கு என்ன செய்வது? என் பேங்க் கார்டை அவர் போனில் ஏற்றிக் கொடுத்துவிடலாம் என்கிறார் கணவர். சரிவருமா?

---

இரவுப்பணி

அது வேண்டாம். போன் பாட்டரி நடுவழியில் முடிந்தால் வெளியே வரும்போது கேட்டில் அதைத் தொட முடியாது, அதிகபட்சக் கட்டணம் பிடித்துவிடும். உள்ளே இருக்கும்போது பரிசோதகர் வந்தால் தொட்டு வந்ததைக் காட்டவும் வழியில்லை. அபராதம் 100 பவுண்டு, 21 நாளுக்குள் கட்டினால் 50. ஒரே கணக்காக இருந்தாலும் போனும் பிளாஸ்டிக் கார்டும் டிஎஃப்எல்லுக்கு இரண்டு வேறு கார்டுகள் என்பதையும் மறக்க வேண்டாம், ஒன்றால் உள்ளே போய் மற்றதால் வெளியே வந்தால் முடியாத பயணம் இரண்டு என்று கணக்காகும். ஊர் வங்கிக் கார்டென்றால் வெளிநாட்டுக் கட்டணம் வேறு சேரலாம்.

மெஷினில் ஒரு ஆய்ஸ்டர் கார்டு (பயண அட்டை) வாங்கிக் காசு ஏற்றிக் கொடுங்கள். பாட்டரி இல்லை, பாஸ்வேர்ட் இல்லை, நாள் கட்டணத்துக்கு உச்சவரம்பும் அதிலேயே வந்துவிடும். 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான இலவசக் கார்டு லண்டனில் வசிப்பவர்களுக்கு மட்டும்தான், வந்துபோகிறவர்களுக்குக் கிடைக்காது, அதைத் தேடி அலைய வேண்டாம்.

மேப்பில் இதையும் பேனாவால் எழுதிவிடுங்கள். போகும்போது நகரத்துப் பக்கம் போகிற எந்த பிக்காடில்லி ரயிலில் ஏறினாலும் சரி, திரும்பி வரும்போதுதான் கவனம். ஆக்டன் டவுனில் லைன் இரண்டாகப் பிரிகிறது, ஒன்று ஹீத்ரோ போகும், ஒன்று உங்கள் பக்கம் வரும். பிளாட்ஃபாரத்துப் பலகையிலும் ரயிலின் முகப்பிலும் ரேனர்ஸ் லேன் அல்லது அக்ஸ்பிரிட்ஜ் என்று இருந்தால் மட்டும் ஏறட்டும். தெரியாமல் ஹீத்ரோ ரயிலில் ஏறிவிட்டாலும் ஆக்டன் டவுனில் இறங்கிக் காத்திருந்தால் போதும், அடுத்தது வரும்.